பதினோரு வாரம் ஓடிய நான்கு மணி நேரப் படம்

251 நிமிடம் ஓடும் ஒரு படத்தை ஒரே அமர்வில் பார்த்து முடிப்பதற்கு எனக்குப் பதினோரு வாரங்கள் பிடித்தன. அது 2003-இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகம். திரையரங்குகளில் ஓடியது 201 நிமிடப் பதிப்பு. நான் பார்க்க விரும்பியது, ஐம்பது நிமிடக் காட்சிகளைச் சேர்த்துப் பின்னர் வெளியிட்ட நீட்டிக்கப்பட்ட பதிப்பு. பதினான்கு வயதாகும் என் அக்கா மகளுக்கு முதல் இரண்டு பாகங்களையும் ஏற்கெனவே காட்டியிருந்தேன். மூன்றாம் பாகத்தை இடையில் நிறுத்தாமல், கைப்பேசியைத் தொடாமல், ஒரே மூச்சில் பார்ப்பது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இருவரும் ஒப்பந்தப்படியே நடந்துகொண்டோம். ஒத்துழைக்க மறுத்தது வீட்டு இணைய இணைப்புதான்.

முதல் சனிக்கிழமை இரவு, நகரத்தின் மீதான முற்றுகை தொடங்கி முரசுகள் முழங்கும் இடத்தில் திரை உறைந்தது. நடுவில் அந்தச் சின்ன வட்டம் சுழலத் தொடங்கியது. அடுத்த அறைக்குப் போய்ப் பார்த்தபோது ஃபைபர் மோடத்தில் ‘எல்ஓஎஸ்’, அதாவது ஒளிச் சமிக்ஞை வரவில்லை, என்று எழுதியிருந்த விளக்கு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடங்களில் அது தானாக அணைந்து, பச்சை விளக்குகள் வரிசையாகத் திரும்பி வந்தன. படம் மீண்டும் ஓடியது. ஆனால் தண்ணீருக்கடியில் எடுத்ததைப் போல மங்கலாக ஓடியது. பத்து நிமிடம் கழித்து மறுபடியும் சிவப்பு. நான்காவது முறை உறைந்தபோது அக்கா மகள் சோபாவில் சாய்ந்துகொண்டு, “மாமா, உங்க வீட்டு நெட் எதிரிப்படையில சேர்ந்துடுச்சு போல” என்றாள். அன்று அதோடு அணைத்துவிட்டோம்.

எந்தப் படத்துக்கும் இணைப்பு அறுந்தால் எரிச்சல்தான். ஆனால் ஃபேன்டஸி படங்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இரட்டிப்பாக வருவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. ஸ்ட்ரீமிங்கில் வரும் படம், ஒவ்வொரு சட்டகத்தையும், அதாவது அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு நிலைப்படத்தையும், முழுதாக அனுப்புவதில்லை. முந்தைய சட்டகத்திலிருந்து மாறியது எதுவோ அதை மட்டுமே பெரும்பாலும் அனுப்புகிறது. இருவர் நாற்காலியில் அமர்ந்து பேசும் காட்சியில் உதடும் விழியும் மட்டுமே அசைவதால் அதைச் சுருக்குவது எளிது. மழையில் பத்தாயிரம் ஈட்டிகள் நகரும் காட்சியில் மாறாத இடமே கிடையாது. பனிமூட்டம், புகை, தீப்பொறி, உதிரும் சாம்பல், இறகடித்துப் பறக்கும் ஜந்துக்கள் என்று இந்த வகைப் படங்களுக்கே உரிய அலங்காரங்கள் அத்தனையும் சுருக்கும் மென்பொருளுக்கு வேப்பங்காய். இருட்டு அதைவிடக் கொடியது. கண்ணுக்கு இருட்டில் அதிகம் தெரியாது என்ற கணக்கில் இருண்ட பகுதிகளுக்குத் தரவைக் குறைத்தே ஒதுக்குகிறார்கள். ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளே உள்ள 8 பிட் காட்சியில், கருமையிலிருந்து சாம்பல் நிறத்துக்குப் போகும் சரிவு வழுவழுப்பாக இல்லாமல் படிக்கட்டாகத் தெரிகிறது. குகைக்குள் ஒருவர் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் காட்சியை உற்றுப் பாருங்கள்: சுடரைச் சுற்றி, வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்கள் போல வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரியும், பின்னாலுள்ள பாறைச் சுவர் சிறு சிறு சதுரங்களாகக் கொதித்துக்கொண்டிருக்கும்.

2019-இல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாம் பருவத்து மூன்றாம் அத்தியாயம், அந்த நீண்ட இரவுப் போர், வெளியானபோது ஒன்றுமே தெரியவில்லை என்று உலகெங்கும் பார்வையாளர்கள் புலம்பியது பலருக்கும் நினைவிருக்கும். வேண்டுமென்றே இருட்டாக எடுத்ததோடு, வீடுகளுக்கு வந்து சேரும்போது நேர்ந்த சுருக்கமும் சேர்ந்துகொண்டது. எந்தக் கோளாறும் இல்லாத இணைப்பிலேயே இந்த நிலை என்றால், நொண்டும் இணைப்பில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பின் வேகம் குறைந்தவுடன், படத்தை நிறுத்தாமல் ஓட்டுவதற்காகச் செயலி தரத்தை ஒவ்வொரு படியாக இறக்குகிறது. படம் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சேமிக்கப்பட்டிருப்பதால் இது சாத்தியமாகிறது. செய்தி பார்ப்பவர் இந்த இறக்கத்தைக் கவனிப்பதே இல்லை. இருட்டுக் குகையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது. பின்னர் நடந்த நீண்ட வாதங்களில், எந்தக் கருவியையும்விட முன்னதாகக் கோளாறைக் காட்டிக்கொடுத்தது இந்தக் குகைச் சுவர்தான்.

திங்கட்கிழமை வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் மிகவும் மரியாதையாக, “சார், ரௌட்டரை ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்றார். செய்தேன். “இப்போ ஸ்பீடு டெஸ்ட் போடுங்க சார்.” போட்டேன். நான் கட்டணம் கட்டும் திட்டம் விநாடிக்கு 200 மெகாபிட். சோதனை 203 காட்டியது. “சரியா வருதே சார்.” புகார் எண் ஒன்று குறுஞ்செய்தியில் வந்தது, இரண்டு மணி நேரத்தில், புகார் தீர்க்கப்பட்டது என்று இன்னொரு குறுஞ்செய்தி வந்தது. அடுத்த ஐந்து வாரங்களில் இதே நாடகத்தை ஏழு முறை நடத்தினோம். ஏழு புகார்களும் கிணற்றில் போட்ட கற்களாயின.

இப்போது யோசித்தால், அந்த ஐந்து வாரத்தில் என் பக்கமும் தவறு இருந்தது. படம் எவ்வளவு முக்கியமான இடத்தில் நின்றது, குழந்தை எவ்வளவு ஏமாந்தாள், எத்தனை நாளாக வாடிக்கையாளராக இருக்கிறேன் என்றெல்லாம் விரிவாகப் பேசினேன். மறுமுனையில் இருப்பவருடைய கணினித் திரையில் இவற்றை நிரப்புவதற்குக் கட்டமே இல்லை. அங்கே இருப்பவை ‘இணைப்பு இல்லை’, ‘வேகம் குறைவு’, ‘விட்டுவிட்டு வருகிறது’ போன்ற சில வகைகள்தாம். நான் ‘நெட் ஸ்லோவாக இருக்கிறது’ என்று சொன்னதால் அவர் வேகம் குறைவு என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். வேகச் சோதனை சரியாக வந்ததும் அந்தப் புகார் தானாகச் செத்துப்போனது. ‘விட்டுவிட்டு அறுகிறது, அறும்போது எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிறது’ என்ற ஒற்றை வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் ஆள் அனுப்பியிருப்பார்கள். எட்டாவது அழைப்பில் அதைச் சொன்னேன், அனுப்பினார்கள். வேகம் வேறு, நிலைத்தன்மை வேறு என்ற வேறுபாட்டை விளம்பரங்கள் நமக்குக் கற்றுத் தருவதில்லை. 4கே தரத்தில் ஒரு படம் ஓட 15 முதல் 25 மெகாபிட் போதும். என்னிடம் அதைப்போல எட்டு மடங்கு இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது அந்த 25 மெகாபிட் நான்கு மணி நேரத்துக்கு ஒரு நிமிடமும் அறாமல் வருவது. அதை எந்தத் திட்டத்தின் பெயரிலும் எழுதி விற்பதில்லை.

ஆள் வருவதற்கு முன்பிருந்த ஒரு வாரத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தேன். ஒரு குறிப்பேட்டை எடுத்து, ஒவ்வொரு துண்டிப்புக்கும் தேதி, மணி, நிமிடம், மோடத்தில் எந்த விளக்கு எந்த நிறத்தில் இருந்தது, தொலைக்காட்சி கம்பி வழியே இணைந்திருந்ததா வைஃபை வழியேவா என்று எழுதத் தொடங்கினேன். கூடவே கணினியில் இரண்டு சாளரங்களைத் திறந்து வைத்து, ஒன்றில் வீட்டு ரௌட்டரின் முகவரிக்கும், மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் இடைவிடாமல் ‘பிங்’ ஓடவிட்டேன். பிங் என்பது ஒரு சிறு தகவலை அனுப்பி, அது திரும்பிவர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பார்ப்பது; சத்தம் கொடுத்து எதிரொலியைக் கேட்பதைப் போன்றது. ரௌட்டருக்கான எதிரொலியே தடுமாறினால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. ரௌட்டர் ஒழுங்காகப் பதில் சொல்லி, வெளி முகவரி மட்டும் தடுமாறினால் கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. இந்த ஒரு பிரிவினையைச் செய்யாமல் எந்தப் புகாரும் செய்யாதீர்கள் என்று நண்பர்களிடம் இப்போது சொல்லி வருகிறேன். அவர்கள் வழக்கம்போலக் கேட்பதில்லை.

பிரித்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள்ளும் கோளாறு இருந்தது. தொலைக்காட்சி 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை விட்டுவிட்டு 2.4-ஐப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டி நன்றாகப் போகும் என்பது அதன் பெருமை. அக்கம்பக்கத்தவர்களுடையதும் அப்படியே நம் வீட்டுக்குள் வரும் என்பது அதன் சிறுமை. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. என் கைப்பேசி காட்டிய பட்டியலில் பதினான்கு வைஃபை பெயர்கள் இருந்தன. நூறு மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும் சாதாரண கேட்-5இ கம்பி ஒன்றை வாங்கிச் சுவரோரமாக இழுத்துத் தொலைக்காட்சியில் சொருகினேன். உடனே மங்கல் பாதி குறைந்தது. பெருமிதத்தோடு தொலைக்காட்சியிலேயே வேகச் சோதனை போட்டேன், 94 காட்டியது. இருநூறுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பாதியைத் தருகிறார்களா என்று கொதித்துப்போய்த் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளையாக, அதற்கு முன் தொலைக்காட்சியின் கையேட்டைப் புரட்டினேன். பெரும்பாலான தொலைக்காட்சிகளில் கம்பி சொருகும் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது. என்னுடையதும் அந்த ரகம்தான். படத்துக்கு அது தாராளம். அந்த ஒரு புகாரை மட்டும் நான் கொடுக்கவில்லை.

ஆனால் சிவப்பு விளக்கு கம்பியால் தீரவில்லை. குறிப்பேட்டில் இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. பகலில் அலுவலக வேலை செய்யும்போது விளக்கு சிவப்பாவதே இல்லை. பிங் நாள் முழுக்க ஓடியும் ஒரு துண்டிப்பும் பதிவாகவில்லை. படம் பார்க்கும் இரவுகளில் மட்டும் அறுந்தது. அதிலும் போர்க்காட்சிகளில் மட்டும் அறுந்தது. இதை யாரிடமாவது சொன்னால் படத்துக்குச் சூனியம் வைத்திருக்கிறார்கள் என்று நான் நம்புவதாக நினைப்பார்கள் என்பதால், அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

வந்த தொழில்நுட்பப் பணியாளர் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் இளைஞர். என் குறிப்பேட்டை வாங்கி இரண்டு பக்கம் பொறுமையாகப் படித்தார். மோடத்தின் பின்னாலிருந்த ஃபைபர் இழையைக் கழற்றி, கையடக்கமான பவர் மீட்டரில் சொருகினார். வந்துசேரும் ஒளியின் வலிமையைச் சொல்லும் டிபிஎம் கணக்கில் கழித்தல் 28 என்று எண் நின்றது. கழித்தலுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூட ஒளி குறைவு என்று பொருள். இத்தகைய மோடங்கள் பொதுவாகக் கழித்தல் 27 வரைக்கும்தான் நம்பகமாக ஒளியை வாங்கும். அதற்குக் கீழே போனால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடும். “பவர் ரொம்ப லோவா இருக்கு சார்” என்றபடி, இழை போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனார். அது என் படத்தட்டுகளும் பொம்மைகளும் நிற்கும் மர அலமாரிக்குப் பின்னால் மறைந்தது. அலமாரியின் பக்கவாட்டில் கையை வைத்து மெல்ல அழுத்தினார். மீட்டரில் 28 என்பது 31 ஆனது. கையை எடுத்தார், 28. மறுபடி அழுத்தினார், 31.

“இந்த அலமாரியை எப்போ சார் நகர்த்துனீங்க?” என்று கேட்டார்.

இரண்டு மாதங்களுக்கு முன்பு நகர்த்தியிருந்தேன். புதிதாக வாங்கிய சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஒலிபெருக்கியை, அதன் கீழ்த்தட்டில் பொருத்துவதற்காகச் சுவரோடு ஒட்டத் தள்ளியிருந்தேன். ஃபைபர் இழையை அலமாரி சுவரோடு வைத்து நசுக்கி, கூர்மையாக மடக்கியிருந்தது. இழைக்குள் ஒளி செல்லும் நடுப்பகுதி 9 மைக்ரோமீட்டர் அகலமே உள்ளது. சுற்றியுள்ள கண்ணாடியையும் சேர்த்தால் 125 மைக்ரோமீட்டர். உட்சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பியபடி போகும் ஒளி, இழை கூர்மையாக வளையும் இடத்தில் திரும்ப முடியாமல் வெளியே கசிந்துவிடும். சாதாரண நேரத்தில் மயிரிழையில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த மோடம், முரசொலியில் சப்வூஃபர் அதிர்ந்து, அலமாரி அதிர்ந்து, மடிப்பு இன்னும் கொஞ்சம் இறுகும்போது ஒளியை இழந்தது. எந்த ஃபேன்டஸி ரசிகனும் இவ்வளவு துல்லியமாகச் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருக்க மாட்டான்.

அலமாரியை ஒரு சாண் முன்னால் இழுத்து, இழையின் நசுங்கிய பகுதியை மாற்றி, இணைப்பு முனையைத் துடைத்துச் சொருகியபோது மீட்டர் கழித்தல் 20 காட்டியது. டிபிஎம் கணக்கில் மூன்று கூடினாலே ஒளி ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். எட்டு கூடியது என்றால், அதுவரை எனக்கு வந்துகொண்டிருந்தது வரவேண்டியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. வேகச் சோதனை மட்டும் ஏன் எப்போதும் சரியாக வந்தது என்று அந்த இளைஞரிடம் கேட்டேன். ஒளி இணைப்பு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒளி இருக்கும்வரை முழு வேகத்தில் ஓடும், அதற்குக் கீழே போனால் மொத்தமாக அறும் என்றார். குழாயில் தண்ணீர் குறைவதைப் போலப் படிப்படியாகக் குறையாது. இந்த ஒளி அளவைப் பல மோடங்கள் தம் அமைப்புப் பக்கத்திலேயே காட்டுகின்றன என்பதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். உலாவியில் ரௌட்டரின் முகவரியைத் தட்டி உள்ளே போனால் கிடைக்கும். ஐந்து வாரமாக அந்த எண் என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

அன்றிரவே நாங்கள் படத்தை முடித்திருக்க வேண்டும். விளக்கு சிவக்கவில்லை, வட்டம் சுழலவில்லை. ஆனால் எட்டரை மணிக்கு மேல் குகைச் சுவர் மறுபடியும் சதுரங்களாகக் கொதிக்கத் தொடங்கியது. அக்கா மகள் என்னைப் பார்த்தாள். நான் சப்வூஃபரைப் பார்த்தேன். இந்த முறை அது நிரபராதி.

இந்த இரண்டாவது கோளாறுக்குத்தான் நான்கு வாரம் போராட வேண்டியிருந்தது. இதில் தவறு முழுக்க நிறுவனத்தின் பக்கம் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வீடுகளுக்கு வரும் பரவலான ஃபைபர் முறையில், ஒரே இழையில் வரும் சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. 32 வீட்டுக்கும் தலா 200 மெகாபிட் விற்றால் 6.4 கிகாபிட் ஆகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தையும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அதை மோசடி என்று சொல்லமாட்டேன். பேருந்துகளும் ஊர் மக்கள் அனைவரும் ஒரே வண்டியில் ஏறமாட்டார்கள் என்ற கணக்கில்தான் ஓடுகின்றன. ஆனால் இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை எல்லோரும் ஏறுகிறார்கள் என்று தெரிந்த பிறகும் வண்டி விடாமல் இருப்பது வேறு விஷயம். நிறுவனம் தன் வலையமைப்பிலிருந்து வெளியே போவதற்கு வைத்திருக்கும் பாதையிலும் இதே நெரிசல் வரும்.

சேவை மையம் மறுபடியும் வேகச் சோதனையைக் கேட்டது. இரவு ஒன்பதரைக்கும் 190-க்கு மேல் காட்டியது. அந்தச் சோதனை எந்தச் சர்வரோடு பேசுகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள் இருக்கும் சர்வர் அது. வீட்டிலிருந்து தெருமுனை வரை ஓடிப்பார்த்துவிட்டு நெடுஞ்சாலையில் நெரிசலே இல்லை என்று சான்றிதழ் கொடுப்பதற்குச் சமம். சோதனைத் தளங்களில் சர்வரை நாமே மாற்றிக்கொள்ளலாம். நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் தொடங்கிய ஃபாஸ்ட் டாட் காம், படங்களை அனுப்பும் அதன் சொந்த சர்வர்களிலிருந்தே வேகத்தை அளக்கிறது. வெவ்வேறு சர்வர்களில், காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு ஒன்பதரை ஆகிய மூன்று வேளையும், கம்பி வழியே, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளை அணைத்துவிட்டு, பத்து நாள் அளந்தேன். வெளி சர்வர்களுக்குக் காலையில் 180-க்குக் குறையாதது, இரவில் சில நாட்கள் 9 வரை இறங்கியது. ரௌட்டருக்கான பிங் ஒரு மில்லி விநாடிக்குள் இருந்தபோதே, வெளி முகவரிக்கான பிங் 12-லிருந்து 140 வரை ஏறி, நூற்றில் ஆறேழு எதிரொலிகள் திரும்பவே இல்லை.

இங்கே நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தகவல் எந்தெந்த நிலையங்கள் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட் முடிவை அனுப்பி, நான்காவது நிலையத்தில் பாதித் தகவல் தொலைகிறது, அதைச் சரிசெய்யுங்கள் என்று அதிகாரத் தொனியில் எழுதினேன். இடையிலுள்ள பல நிலையங்கள், தகவலைக் கடத்துவதில் மட்டும் கவனம் வைத்து, இத்தகைய விசாரணைகளுக்குப் பதில் சொல்வதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அங்கே தெரியும் இழப்பு உண்மையான இழப்பு அல்ல, அது கடைசி நிலையம்வரை தொடர்ந்தால்தான் கணக்கில் வரும் என்று ஒரு பொறியாளர் இரண்டு வரியில் பதில் அனுப்பினார். சரிதான். ஆனால் என் அட்டவணையில் கடைசி நிலையத்திலும் இழப்பு இருந்தது என்பதை அவர் தொடவில்லை. அதை மட்டும் வைத்து அடுத்த கடிதத்தை எழுதினேன்.

அந்தக் கடிதத்தைத் தொலைபேசியில் சொல்லவில்லை. சேவை மையத்துக்கும் அனுப்பவில்லை. நிறுவனத்தின் இணையதளத்தின் அடியில், சிறிய எழுத்தில், மேல்முறையீட்டுக்கான மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தது. முதல்நிலையில் தீராத புகார்களுக்கு இப்படி இரண்டாம் கதவு ஒன்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, அதைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பதோடு சரி. மூடப்பட்ட புகார் எண்கள் அனைத்தையும் தேதியோடு மேலே எழுதினேன். கீழே பத்து நாள் அட்டவணை. அதன் கீழே ஒரே கோரிக்கை: இரவு எட்டு முதல் பதினொன்று வரை வெளி முகவரிக்கான இழப்பு ஏன் கூடுகிறது என்பதற்கு எழுத்துப்பூர்வமான விளக்கம். குழந்தையும் இல்லை, குகையும் இல்லை. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

ஒன்பது நாட்கள் பதில் வரவில்லை. பத்தாவது நாள் ‘உங்கள் பகுதியில் திறன் மேம்பாட்டுப் பணி நடைபெறுகிறது’ என்று ஒரு வரி வந்தது. பதினோராம் வாரத்தில் இரவு பிங் 15-க்கு இறங்கி அங்கேயே நின்றது. தங்கள் பக்கம் நெரிசல் இருந்தது என்று அவர்கள் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கேட்டதன் பேரில், பாதிக்கப்பட்ட நாட்களுக்கான கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை அடுத்த பில்லில் கழித்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது.

இந்த இடைவெளியில் இணைப்போடு சம்பந்தமே இல்லாத சில எரிச்சல்களையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டேன். செயலியின் அமைப்பில் தரவுச் சிக்கனம் என்ற பொத்தான் முடுக்கப்பட்டிருந்தால், எத்தனை மெகாபிட் வந்தாலும் படம் மங்கலாகத்தான் இருக்கும். ஓர் உலாவியில் பார்க்கும்போது 4கே வராமல் போவதற்குப் பெரும்பாலும் உரிமைப் பாதுகாப்பு விதிகளே காரணம். இணைப்பைத் திட்டிப் பயனில்லை. ஆட்களின் நடை வழுக்கிக்கொண்டு போவதைப் போலவும், கோட்டைகள் அட்டையில் செய்தவை போலவும் தோன்றினால், விநாடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்துக்கு நடுவே தொலைக்காட்சி தானாகக் கற்பனைச் சட்டகங்களைச் செருகுகிறது என்று பொருள். அந்த வசதியை அணைத்துவிடலாம்.

என்னை அதிகம் சோதித்தது வசன வரிகள்தான். இந்தக் கதையை எழுதிய டோல்கீன் ஒரு மொழிநூல் அறிஞர்; சிந்தாரின், குவென்யா என்று இலக்கணத்தோடு மொழிகளை உருவாக்கினார். படத்தில் அம்மொழிகள் பேசப்படும் இடங்களில் மட்டும் வசன வரி தோன்ற வேண்டும். சில செயலிகளில் வசன வரியை மொத்தமாக அணைத்தால் இந்த வரிகளும் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. போட்டால் படம் முழுக்க எல்லா வசனமும் எழுத்தாக ஓடுகிறது. வசன வரிப் பட்டியலில் ‘கட்டாய வரிகள்’ என்ற பொருளில் தனியாக ஒன்று இருக்கிறதா என்று படம் தொடங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. உணர்ச்சிகரமான காட்சியின் நடுவில் ரிமோட்டோடு மல்லுக்கட்டிய அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நீண்ட படம் என்றால் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாமே என்று பலர் கேட்டார்கள். கைப்பேசியிலும் பலகைக் கணினியிலும் முடியும். பெரும்பாலான தொலைக்காட்சிச் செயலிகளில் அந்த வசதி இல்லை. 15 மெகாபிட் கணக்கில் இந்த ஒரு படமே சுமார் 28 ஜிபி ஆகும் என்பதால், மாத அளவுக்கு வரம்புள்ள திட்டங்களில் இருப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். உண்மையான மாற்று வழி ப்ளூ-ரே படத்தட்டுதான். 4கே தட்டு ஒன்றில் 66 அல்லது 100 ஜிபி பிடிக்கும். அதிலிருந்து விநாடிக்கு நூறு மெகாபிட்டுக்கு மேலும் தரவு வரும், அதுவும் யாரோடும் பகிராமல். உரிமம் முடிந்துவிட்டது என்று ஒருநாள் பட்டியலிலிருந்து மாயமாகவும் மாட்டாது. இதைத் தெரிந்துகொண்டே நான் ஸ்ட்ரீமிங்கில் மல்லுக்கு நின்றதற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமே. மாதாமாதம் கட்டணம் கட்டிய பொருள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்ற பிடிவாதம்.

பதினோராம் வாரச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதே காலுக்குப் படத்தை முடித்தோம். விளக்கு ஒருமுறைகூடச் சிவக்கவில்லை. முரசுகள் முழங்கியபோது அக்கா மகள் எழுந்து போய் மோடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கைப்பேசியைத் தொடக்கூடாது என்று பேசியிருந்தோமே தவிர எழுந்திருக்கக்கூடாது என்று பேசவில்லை என்பதால் விட்டுவிட்டேன். சிலந்தியின் குகையில் மட்டும், ஒளிக்குப்பியைச் சுற்றி அந்த ஆண்டு வளையங்கள் லேசாகத் தெரிந்தன. மோடம் கழித்தல் 20-இல் நின்றது, பிங் 14 காட்டியது. அது படத்தைச் சுருக்கியவர்களின் கைவேலை. அதற்காக நான் யாரையும் அழைக்கவில்லை.